லேண்ட்மாஸ்டரின் பின் சீட்டு

அங்கமுத்து இறந்த பத்தாம் நாள் வீட்டுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. பதினாறாம் நாள் கருமாதிக்கு மாலை போட வேண்டும். ஐம்பது வருடம் வாழ்ந்த மனிதருக்கு ஒரு படமாவது இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். தேடியதில் மூன்று கிடைத்தன.

ஒன்று டிரைவிங் லைசென்ஸில் ஒட்டியது. மூக்கின் மேல் சர்க்கார் முத்திரை குத்தியிருந்தது. மற்ற இரண்டிலும் அவருடைய கை மட்டும் இருந்தது.

மகள் மலர்க்கொடி மூன்றையும் மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஒர்க்ஷாப் ஆபீசில் டிராயிங் போடுகிற வேலை அவளுக்கு. ஒரு பொருளை முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என்று மூன்று படங்களில் காட்டிவிட்டால் எந்தப் பட்டறையிலும் அதைச் செய்துவிடலாம் என்று திருச்சி பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த மூன்று படங்களை வைத்துக்கொண்டு அப்பாவைச் செய்ய முடியாது.

மறுநாள் அவள் இறப்புச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தபோது ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு வந்தார். அம்மா மருதாயி இருப்பதிலேயே பழைய படத்தை எடுத்துக் கொடுத்தாள். “கார்ல இருக்காரு பாருங்க, அவருதான்” என்று சொல்லி அனுப்பினாள். பெரிதாக்கி, கலர் தீட்டி, கண்ணாடி போட்டுக் கொண்டுவருவதாக அவர் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் படம் 1960-ல் எடுத்தது. அங்கமுத்துவின் கல்யாணப் படம்.

அங்கமுத்துவின் அப்பா பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவர். மகன் ஏரை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் சிவசுப்பிரமணியனின் கடலை எண்ணெய் மில்லுக்குப் போனார். முதலில் மிஷினைத் துடைத்தார். பிறகு முதலாளியின் புது லேண்ட்மாஸ்டர் காரைத் துடைத்தார். துடைக்கிற சாக்கில் நகர்த்தினார். இருபத்திரண்டு வயதில் அவரே டிரைவர். அந்த நாளில் பெரம்பலூரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர்களை எண்ண ஒரு விரலே போதும் என்பது அங்கமுத்துவின் அபிப்பிராயம். வண்டியை நிறுத்தினால் உள்ளே பிடித்திருக்கும் டம்ளரில் காப்பி அலுங்கக் கூடாது. வாழ்க்கையில் அவர் கட்டிக் காத்த கொள்கை அது ஒன்றுதான்.

செந்துறையில் பெண் அமைந்தது. முதலாளி பெரிய மனது பண்ணி, மாப்பிள்ளை அழைப்புக்குக் காரைக் கொடுத்தார். காருக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளத் தன் மச்சான் வேணுகோபாலையும் கூட அனுப்பினார். காரைக் கொடுத்தார், காருக்குக் காவலும் கொடுத்தார். ஓட்ட ஆள் வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. டிரைவருக்கே கல்யாணம் என்றால் டிரைவர் எங்கே போவார்?

ஆக, மாப்பிள்ளையே ஓட்டினார். வேணுகோபால் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு பின் சீட்டில் இடது பக்கம் சாய்ந்துகொண்டார். லேண்ட்மாஸ்டருக்குக் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். அரியலூர் தாண்டுவதற்குள் அங்கமுத்துவின் மாலை கியரில் மூன்று தடவை சிக்கிக்கொண்டது. நான்காவது தடவை அவர் மாலையைக் கழற்றி, “கொஞ்சம் வச்சிக்கிங்க” என்று பின்னால் நீட்டினார். மடியில் வைத்தால் நசுங்கும் என்று வேணுகோபால் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தூங்கிவிட்டார்.

செந்துறைப் பிள்ளையார் கோயில் முன்னால் வண்டி நின்றது. காப்பி அலுங்காமல் நின்றது. மணப்பெண்ணின் அக்கா குஞ்சம்மாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள். ஆண்டிமடத்தில் வாழ்க்கைப்பட்டவள், அன்று காலைதான் வந்திருந்தாள். மாப்பிள்ளையை அவள் பார்த்ததில்லை. பார்த்திருந்தவர்கள் ஊரில் நான்கு பேர். இரண்டு பேர் சமையல் கொட்டகையில் இருந்தார்கள். ஒருவர் மேளக்காரரோடு சண்டையில் இருந்தார். நான்காமவருக்குக் கண் சரியில்லை. குஞ்சம்மாள் காருக்குள் பார்த்தாள். முன்னால் டிரைவர், பின்னால் மாலையோடு மாப்பிள்ளை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின் கதவருகில் குனிந்து ஆரத்தி எடுத்தாள். பொட்டு வைத்தாள். தூக்கம் கலைந்த வேணுகோபால், வழக்கம் தெரிந்தவர், தட்டில் காசும் போட்டார். குஞ்சம்மாள் ஆரத்தியைத் தெருவில் ஊற்றிவிட்டாள். அரியலூரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் அவள் குனிந்திருந்த நேரம் பார்த்துப் படம் எடுத்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இன்னொரு தரம் ஆரத்தி எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். கொட்டிய ஆரத்தியைத் திரும்ப எடுத்தால் பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை என்று ஆகிவிடும் என்றார்கள் மற்றவர்கள். பெரும்பான்மை ஜெயித்தது. வேணுகோபாலிடமிருந்து மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆரத்தி இல்லாமல் அங்கமுத்து மாப்பிள்ளையாக உள்ளே நடந்தார்.

படத்தில் வேணுகோபால் ராஜா மாதிரி இருக்கிறார். குஞ்சம்மாளின் முதுகு முன் ஜன்னலில் முக்கால் பாகத்தை மறைக்கிறது. மீதிக் கால் பாகத்தில் ஸ்டியரிங்கும் ஒரு கையும் தெரிகின்றன. முழங்கை வரைக்கும். அதுதான் மாப்பிள்ளை. இருபத்தாறு வருடம் அந்தப் படம் கூடத்துச் சுவரில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் பட்டு ஜிப்பாக்காரர் யார் என்று கேட்டார்கள். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிறகு முதலாளி அம்பாசடர் வாங்கினார். லேண்ட்மாஸ்டரை யாருக்கோ தள்ளிவிட்டார். அங்கமுத்து பஸ் டிரைவர் ஆனார். கிடைத்த ரூட்டு பெரம்பலூர், அரியலூர், செந்துறை. வேறு ரூட்டே இல்லாத மாதிரி அதையே கொடுத்தார்கள். குஞ்சம்மாளும் இதற்குள் புருஷனைக் கூட்டிக்கொண்டு செந்துறைக்கே வந்துவிட்டிருந்தாள். வீடு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில். வண்டி வந்து நின்றதும் வாசலிலிருந்தே விசாரிப்பாள்.

“வாங்க மாப்ள. இன்னிக்கும் நீங்களேதான் ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?”

பயணிகள் சிரிப்பார்கள். அங்கமுத்து ஹாரன் அடிப்பார். பதினைந்து வருடம் இந்த ஒரே ஹாஸ்யம், நாளைக்கு இரண்டு வேளை.

1982 பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் முருகன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். ஜனங்கள் மலையேறிய நேரத்தில் அங்கமுத்து ஒதுங்குவதற்காக ஒரு கொல்லைக்குள் போனார். அங்கே ஒரு வெங்காயப் பட்டறை இருந்தது. அந்தப் பக்கத்தில் சின்ன வெங்காயத்தை விலை வரும்வரை காற்றாடப் போட்டுவைப்பதற்குக் கல் மேல் மூங்கிலை அடுக்கி, சுற்றிலும் மூங்கில் தப்பை கட்டி, மேலே கீற்று வேய்ந்து பட்டறை போடுவார்கள். இதற்கும் கீற்று இருந்தது, தப்பை இருந்தது. கீற்றுக்குக் கீழே ஹெட்லைட்டும் இருந்தது.

இடது மட்கார்டில் ஒரு சொட்டை. 1959-ல் மில் கேட்டில் அங்கமுத்து இடித்தது. முதலாளியிடம் காளை முட்டியதாகச் சொல்லியிருந்தார். அங்கமுத்து அந்தச் சொட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. மலையேறியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து, டிரைவரைத் தேடினார்கள் என்பது மட்டும் தெரியும்.

கொல்லைக்காரர் ராசாங்கத்துக்கு இவருடைய பரவசம் புரியவில்லை. கார் என்று இவர் சொன்னபோதெல்லாம் அவர் பட்டறை என்று திருத்தினார். மழைக்கு ஒழுகாது, எலி குறைவு, கதவு வேறு இருக்கிறது, இப்படி ஒரு பட்டறை ஜில்லாவிலேயே கிடையாது என்றார். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. அங்கமுத்து தன் செலவில், தன் கையால், முறையான மூங்கில் பட்டறை ஒன்று கட்டித் தர வேண்டும். ராசாங்கம் காரைத் தருவார். ஆனால் உள்ளே வெங்காயம் இருக்கிறது. அது விற்க வேண்டும்.

“வெலை ஏறட்டுங்க” என்றார் ராசாங்கம். “அவசரப்பட்டா வெங்காயம் வெளங்காது.”

அங்கமுத்து லீவு போட்டுப் பட்டறை கட்டினார். வாராவாரம் செட்டிகுளம் போய் வெங்காய விலை விசாரித்தார். ஜில்லாவில் ஒரு வெங்காயம்கூடச் சொந்தமாக இல்லாமல் வெங்காய விலைக்காகத் தூக்கம் கெட்டவர் அவர் ஒருவர்தான். ஆவணியில் விலை ஏறியது, இன்னும் ஏறும் என்று ராசாங்கம் காத்தார். ஐப்பசியில் இறங்கியது, மறுபடி ஏறும் என்று காத்தார். கார்த்திகை மழையில் டிக்கிக்குள் இருந்த வெங்காயம் முளைவிட்டு, பூட்டு ஓட்டை வழியாகத் தாள் வெளியே வந்தது. அதன் பிறகுதான் அவர் விற்றார்.

1983 தை மாதம் டிராக்டர் டிரெய்லரில் கார் வீட்டுக்கு வந்து இறங்கியது. கண்ணாடி இல்லை, சீட்டு இல்லை, டயர் இல்லை. வெங்காய வாசனை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. மருதாயி வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஒரு கக்கூஸ் கட்டுங்கன்னு மூணு வருசமா சொல்றேன். வெங்காயக் கூடை வாங்கிட்டு வந்திருக்காரு.”

அங்கமுத்து மகளைப் பார்த்தார். மலர்க்கொடி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. பாலிடெக்னிக்கில் அவள் வகுப்பில் ஐம்பத்தொன்பது பையன்களும் அவளும். அவளைப் பார்த்து ஐம்பத்தொன்பது பேரும் கேட்ட அதே கேள்வியை அன்று அவளும் கேட்டாள். இது எதற்கு?

“ஒரே ஒரு தரம் பின்னாடி உக்காந்து செந்துறைக்குப் போவணும்” என்றார். “அந்தம்மா ஆரத்தித் தட்டோட வந்து நிக்கணும். எனக்கு எடுக்க வேண்டியதுதானே அது.”

“அதுக்கு ஒரு டாக்சி பேசிக்கலாமேப்பா.”

“டாக்சியில எவன் வேணா உக்காருவான்.”

இதற்கு மேல் விவாதிக்க ஒன்றும் இல்லை. வேலை ஆரம்பித்தது.

என்ஜின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். தினமும் காலையில் ஹாண்டிலைப் போட்டு இருவரும் தொங்கினார்கள். பதினோரு நாள் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் கால் சுற்று சுற்றியது. மருதாயி அடுப்படியிலிருந்து, நல்லதாப்போச்சு, சுற்றிக்கொண்டே இருங்கள் என்றாள். மலர்க்கொடி சிலிண்டரை அளந்து, தேய்மானம் எவ்வளவு என்று நோட்டில் குறித்தாள். அங்கமுத்து திருப்புளியின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். இரண்டு பேரும் ஒரே கோளாறைத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் அவள் அளந்தது தப்பு என்று அவரும், காதால் கேட்பது விஞ்ஞானமே இல்லை என்று அவளும் சொல்லி, ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

சாமான்களைத் திருச்சியில் பழைய இரும்புக் கடைகளில் தேடினார்கள். அம்பாசடருக்கு எல்லாக் கடையிலும் எல்லாம் இருந்தது. லேண்ட்மாஸ்டர் என்றால் கடைக்காரர்கள் இழவு விசாரிக்கிற முகத்தோடு பார்த்தார்கள். பிரேக் ரப்பருக்கு ஐந்து மாதம். ஒயரிங் முழுதும் புதிது, படம் வரைந்து மலர்க்கொடியே இழுத்தாள். அதை அங்கமுத்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்கு அது புரியவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு வேலையில் மட்டும் அவளைக் கிட்டே விடவில்லை. இடது பின் கதவு. ராசாங்கம் அதைக் கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தார். கீல் துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. அங்கமுத்து டியூட்டி முடிந்து வந்து தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தார். எண்ணெய் விட்டார், அரம் போட்டார், பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்தார். இரண்டு மாதம். மற்ற மூன்று கதவுகளையும் இழுத்துத்தான் சாத்த வேண்டும். இது மட்டும் விரலால் தள்ளினால் க்ளிக் என்று மூடும். மூடி, திறந்து, மூடி, திறந்து காட்டுவார். பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் காட்டுவார்.

வாசனைதான் போகவில்லை. சோப்பு, பினாயில், சாம்பிராணி எல்லாம் பார்த்தாயிற்று. சாம்பிராணி போட்ட பிறகு வெங்காயத்தைச் சாமிக்குப் படைத்த மாதிரி ஆயிற்று. உள்ளே உட்கார்ந்தால் கண் எரிகிறது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மலர்க்கொடி அவர்களுக்கு விளக்கினாள். வெங்காயத்தை நறுக்கும்போதுதான் கண்ணில் நீர் வரும். வெறும் வாசனைக்கு வராது. கேட்டவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கார் 1984 கடைசியில் ஓடியது. அடுத்த கேள்வி யார் ஓட்டுவது? பின் சீட்டில் உட்கார வேண்டுமென்றால் முன் சீட்டில் ஒருவர் வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் யாரும் கேட்காத கேள்வியை இப்போது அங்கமுத்து கேட்டுக்கொண்டார். டெப்போவிலிருந்து நான்கு டிரைவர்களை அழைத்துப் பரீட்சை வைத்தார். ஒருவர் கிளட்ச் மேலேயே காலை வைத்திருந்தார். ஒருவர் பள்ளத்தைப் பார்த்த பிறகுதான் பிரேக்கைத் தேடினார். ஒருவருக்கு எல்லாம் சரி, ஆனால் சீட்டி அடித்தார். நான்காமவரை ஏன் தள்ளினார் என்பதற்கு அவரிடமே காரணம் இல்லை.

“அப்படின்னா நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க” என்றாள் மருதாயி. “குஞ்சம்மாக்காவுக்கும் பழக்கமாயிருக்கும்.”

கடைசியில் மலர்க்கொடி ஓட்டினாள். திருச்சியில் படிக்கும்போதே லைசென்ஸ் எடுத்திருந்தாள். அதை வீட்டில் சொன்னால் அம்மா பேசுவாள் என்று சொல்லவில்லை. அங்கமுத்து டம்ளரில் காப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். துறையூர் ரோட்டில் போய்விட்டுத் திரும்பி வாசலில் நின்றபோது டம்ளரைப் பார்த்தார். பிறகு அந்தக் காப்பியைக் குடித்தார். அதுதான் தேர்வு முடிவு.

1985 தை மாதம் குஞ்சம்மாளின் பேரனுக்குச் செந்துறையில் காதுகுத்து. அங்கமுத்து ஒரு வாரம் முன்பே பஸ்ஸை நிறுத்திச் சொல்லிவிட்டார். கார்ல வரேன், பின்னாடி உக்காந்து வரேன். குஞ்சம்மாள் புரிந்துகொண்டாள். ஆரத்தி தயாரா இருக்கும், மாலையை மட்டும் வேற எவன் கழுத்துலயும் போட்டுறாதீங்க என்றாள்.

அன்று காலை அவர் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இடது பின் கதவைத் தானே திறந்து, ஏறி, விரலால் தள்ளி மூடினார். மருதாயி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் வெங்காயம் நாறுகிறது என்று காரணம் சொன்னாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டியவருக்குப் பின்னால் சும்மா உட்காரத் தெரியவில்லை. காலால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் மூச்சை இழுத்தார். அரியலூர் ரயில்வே கேட் தாண்டியதும் இடது கையை முன் சீட்டின் முதுகில் ஊன்றிக்கொண்டவர் அதை எடுக்கவே இல்லை.

பிள்ளையார் கோயில் முன்னால் கார் நின்றது. அலுங்காமல் நின்றது.

ஊர் முழுதும் கூடியிருந்தது. பெரம்பலூரிலிருந்து ஒரு பெண் கார் ஓட்டி வந்து இறங்குவது செந்துறை அதுவரை பார்க்காத காட்சி. ஆண்கள் வலது பக்கம் ஓடினார்கள். பெண்கள் வலது பக்கம் ஓடினார்கள். காது குத்த வேண்டிய பையனும் வலது பக்கம் ஓடினான். இடது பக்கம் ஒரு ஆடு இருந்தது. குஞ்சம்மாள் தட்டோடு வந்தாள். இடது பக்கம் வர இரண்டு அடி வைத்தவள், நின்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மலர்க்கொடியைப் பார்த்தாள். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். திரும்பினாள். டிரைவர் கதவருகே போய், மூன்று சுற்று சுற்றி, மலர்க்கொடியின் நெற்றியில் பொட்டு வைத்து, தெருவில் ஊற்றிவிட்டாள்.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. “ஊத்தியாச்சா?”

“ஊத்தியாச்சு மாப்ள” என்றாள் குஞ்சம்மாள். “ஊருக் கண்ணு பூராவும் எம் பொண்ணு மேல கெடக்குது. கண்ணு படற எடத்துக்குத்தானே ஆரத்தி. ஒங்க மேல யாரு கண்ணு வைக்கப் போறா?”

இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தர்க்கம் சரி. மலர்க்கொடிக்கு இறங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கதவை விரலால் திறந்துகொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. வேறு என்ன இருந்தது என்று அவளால் குறித்துக்கொள்ள முடியவில்லை.

“வண்டி நல்லாத்தான் நின்னுச்சு” என்றார்.

பாராட்டாக அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். காதுகுத்துக்கு வந்த போட்டோக்காரர் எடுத்த படத்தில் ஸ்டியரிங்கோடு மலர்க்கொடி இருக்கிறாள், ஆரத்தி இருக்கிறது, குஞ்சம்மாள் இருக்கிறாள். முன் சீட்டின் முதுகில் ஒரு கை இருக்கிறது. முழங்கை வரை. இருபத்தைந்து வருடத்தில் அவர் அடைந்த முன்னேற்றம் ஒரு சீட்டு பின்னால் போனதுதான். திரும்பி வரும்போது அவரே ஓட்டினார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, அவருக்கும்.

1986 புரட்டாசியில் ஒரு நாள் லீவில் இருந்தார். அரியலூரில் ஒரு வேலை என்று தான் ஓட்டுகிற அதே பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் பழக்கமானவர், டிக்கெட் கேட்கவில்லை. அரியலூரில் அவர் இறங்கவில்லை. தூங்குகிறார், பாவம், இத்தனை நாள் ஓட்டிய மனுஷன் என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள். பஸ் செந்துறை போனது. பிள்ளையார் கோயில் முன்னால் நின்றது. குஞ்சம்மாள் வாசலில் நின்று, ஓட்டி வந்தது வேறு ஆள் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பஸ் திரும்பியது. பெரம்பலூரில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் தோளைத் தொட்டார். நெஞ்சு நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்று மணி நேரம் என்றால் அரியலூருக்கு முன்னாலேயே. மலர்க்கொடி டைம்டேபிளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. வண்டியை ஓட்டாமல் செந்துறை போய்ச் சேர வேண்டும் என்று கேட்டிருந்தார். போய்ச் சேர்ந்தார். யாரும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் பாட்டரி இறங்கிவிடும் என்று கொட்டகைக்குப் போய்க் காரை ஸ்டார்ட் செய்தாள். கால் மணி நேரம் ஓட விட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கண் எரிந்தது. வெறும் வாசனைக்கு நீர் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காலையில் ஸ்டூடியோக்காரர் படத்தைக் கொண்டுவந்தார். இரண்டடிக்கு ஒன்றரை அடி. தேக்குச் சட்டம். காகிதத்தைப் பிரித்தார்கள். பட்டு ஜிப்பாவுக்குச் சந்தன நிறம், கன்னத்துக்கு ரோஸ், கழுத்து மாலைக்குச் சிவப்பும் பச்சையும் அருமையாகத் தீட்டியிருந்தார். தோற்றம், மறைவு தேதிகளோடு, அமரர் அங்கமுத்து என்று கீழே எழுதியிருந்தது. மேலே இருந்தது வேணுகோபால்.

ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கார்ல இருக்காரு, அவருதான் என்று சொன்னார்கள். அவர் காரில் பார்த்தார். குஞ்சம்மாள் எங்கே தப்பு செய்தாளோ அங்கேயே அவரும் செய்தார். கூட்டத்தில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில் வேணுகோபாலே வந்து சேர்ந்தார். அறுபது வயது, கைத்தடி. பழைய டிரைவர் கருமாதிக்கு மதித்து வந்த மனிதர். பந்தலில் நுழைந்து, தன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்தார். மறைவுத் தேதியை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவனுக்கு எடுக்கற எதுவும் எனக்கே வந்து சேருது” என்றார். “அன்னிக்கே மாலையைக் கழட்டிட்டுத் தூங்கியிருக்கணும்.”

மருதாயிதான் பேசினாள். பதினாறு நாளில் அவள் உரக்கப் பேசியது அன்றுதான்.

“நீங்க என்ன பண்ணுவீங்க. அன்னிக்கு நானும் ஜன்னல்லேருந்து பாத்தேன். பின்னாடி நல்ல செவப்பா ஒரு ஆளு. கொஞ்ச நேரம் சந்தோசமாத்தான் இருந்தேன்.”

குஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“அப்பறம்?” என்றாள் மலர்க்கொடி.

“அப்பறம் என்ன. அம்மாம் பெரிய வண்டி, அலுங்காம வந்து நின்னுச்சு. யாருடா இப்படி நிறுத்தறான்னு பாத்தேன். கைதான் தெரிஞ்சுது.” மருதாயி மூக்கைச் சிந்தினாள். “அக்காதான் என் கண்ணை மறைச்சிக்கிட்டு நின்னா. இல்லன்னா மூஞ்சியும் தெரிஞ்சிருக்கும்.”

மலர்க்கொடி ஸ்டூடியோக்காரரிடமிருந்து பழைய படத்தைத் திரும்ப வாங்கினாள். உள்ளே போய் மேசையில் வைத்தாள். ஒரு கெட்டி அட்டையை எடுத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, நடுவில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டாள். நீளம் இரண்டரை அங்குலம், உயரம் ஒன்றே முக்கால். பிளேடால் வெட்டி எடுத்தாள். அட்டையைப் படத்தின் மேல் பொருத்தினாள். பட்டு ஜிப்பா போயிற்று, குஞ்சம்மாளின் முதுகு போயிற்று, ஆரத்தித் தட்டு போயிற்று. ஓட்டைக்குள் ஸ்டியரிங்கும், அதன் மேல் முழங்கை வரை ஒரு கையும் நின்றன. லைசென்ஸ் படத்தையும் அதே ஓட்டைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். இது போதும்.

தேக்குச் சட்டப் படத்தை வேணுகோபால் தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டில் அவ்வளவு நல்ல படம் கிடையாதாம். கீழே இருந்த எழுத்தை மட்டும் அழித்துக் கொடுக்க முடியுமா என்று ஸ்டூடியோக்காரரிடம் விசாரித்தார்.

மலர்க்கொடி கொண்டுவந்து வைத்ததை விளக்குக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பந்தலில் இருந்தவர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, இது யார் கை என்று யாரோ கேட்டார்கள். மருதாயி சொன்னாள். வாங்கி வைத்திருந்த ரோஜா மாலை அந்தச் சின்னப் படத்துக்கு நான்கு மடங்கு பெரியது. மருதாயி அதை இரண்டாக மடித்து, கை மறையாமல் போட்டாள்.